ஐம்பத்தைந்து அங்குலக் காய்ச்சல்

புது டீவி மூன்றாவது தடவையாகக் கடவுச்சொல் கேட்டது.

“மெட்ச்சைப் போடச் சொன்னா விசாரணை வைக்குது, சனியன்!” ரிஷிகேசன் பல்லைக் கடித்தான்.

கடைசி ஐந்து ஓவர்கள்தான் மிச்சம். இந்த ஆட்டத்தைப் பார்க்கவே ஐம்பத்தைந்து அங்குலத்தில் டீவி வாங்கியிருந்தான். காலையில், காய்ச்சல் என்று மேலதிகாரி ஜெமீலுக்குச் செய்தியும் அனுப்பியிருந்தான்.

அலுவலகம் தொலைவில், துறைமுகத்தடியில் இருந்தது; அதனால் பயமில்லை. ஆனால் அவன் வாடகைக்கு இருந்ததே ஜெமீல் வீட்டு மேல்மாடியில். சார் எப்படியும் வேலைக்குப் போயிருப்பார். கீழே அவருடைய மனைவி சுஹைரா இருப்பாள். அவள் காதில் மட்டும் சத்தம் விழக் கூடாது.

ரிமோட்டில் எதையோ அமத்தினான். டீவிக்கு வாய் வந்துவிட்டது.

“மெனு! படம்! சத்தம்!” அவன் தொட்டதையெல்லாம் ஒரு பெண் குரல் தெருவுக்கே கேட்க அறிவித்தது.

“ஐயோ, மெல்லப் பேசு தாயே!”

குரலைக் குறைக்க அமத்தியது கூட்டும் பொத்தான். பதறிப்போய் எல்லாவற்றையும் ஒன்றாக அமத்தினான். குரல் நின்றது. படமும் போய், திரை கறுத்தது.

போன் கடை வைத்திருக்கும் நண்பன் றிகாஸை அழைத்தான்.

“மச்சான், டீவி செத்துட்டுது.”

“போன் திரையை அப்பிடியே டீவிக்கு அனுப்புடா. வைஃபை இருக்குத்தானே?”

“ஓம், கீழ் வீட்டு வைஃபைதான்.”

“அப்ப லிஸ்டில டீவி எண்டு வரும். அமத்து.”

அமத்தினான். ‘இணைக்கப்பட்டது’ என்றது போன். சுவரில் இருந்த டீவி கறுப்பாகவே இருந்தது. தெருவில் பட்டாசு வெடித்தது. விக்கெட்டா, சிக்ஸரா?

வட்ஸ்அப்பைத் திறந்து றிகாஸுக்கு எழுதினான்: “ஒண்டும் தெரியேல்ல மச்சான். காய்ச்சலெண்டு ஜெமீல் சார் நம்பிட்டார், பாவம். இந்த டீவியால அதுவும் வீணாப்போச்சு.”

போர்வைக்குள் ஒருவன் நடுங்கும் ஸ்டிக்கரைப் பதிலாக அனுப்பினான் றிகாஸ்.

அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ வெடித்துச் சிரித்தார்கள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. ரிஷிகேசன் ரிமோட்டைத் தலையணைக்கடியில் தள்ளினான். துவாயை நனைத்து நெற்றியில் போட்டான். போர்வையைக் கழுத்துவரை இழுத்தான். இப்போது நடுக்கம் உண்மையாகவே வந்திருந்தது.

கதவைத் தட்டிவிட்டு சுஹைரா எட்டிப் பார்த்தாள்.

“வாங்க அக்கா,” என்று முனகினான். “எழும்ப ஏலாமக் கிடக்கு...”

அவள் வாசலிலேயே நின்றாள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

“தம்பி, எங்கட டீவியில உங்கட வட்ஸ்அப்தான் ஓடுது. அதை மூடிட்டுக் கெதியா மெட்ச்சை விடட்டாம். அவருக்கும் இண்டைக்கு இந்தக் காய்ச்சல்தான்.”