நான்கு பிஸ்டனும் ஒரு கல்லும்

மனிதகுலம் நிறுத்தக் கற்றுக்கொண்ட அந்தப் பொன்னாளில், ராக்கம்மா மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, குறுக்கு வழியில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

மேலே, தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்ற எஸ்டேட் வண்டியில், அவளோடு வேலை செய்யும் செல்வி கிடந்தாள். செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி மணிக்கட்டில் இறங்கிவிட்டது. கட்டிய துண்டெல்லாம் ரத்தம். கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். "கல்லு வராம வண்டியை எடுக்க மாட்டேன்" என்று டிரைவர் சிவகுரு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கல்லைக் காலையில்தான் ஆபீஸ்காரர்கள் தூக்கிப் போயிருந்தார்கள்.

கீழே, ஃபேக்டரி மைதானத்தில், சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கான 'மலைச் சைக்கிள் சாகசத் திட்ட'த் தொடக்க விழா. மேனேஜர் தினகரன் மைக்கைப் பிடித்தார்.

"ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்! நான்கு பிஸ்டன்! எப்பேர்ப்பட்ட இறக்கத்திலும் ஒரே விரல் போதும். உயிருக்கு இந்த எஸ்டேட் தரும் மரியாதை இது!"

கைதட்டல். மேடை சற்றே சரிவு. ஆகவே, அந்த உலகத்தரச் சைக்கிள் உருண்டுவிடாமலிருக்க, முன்சக்கரத்தின் அடியில் வெள்ளையடித்த கல் ஒன்று சேவையாற்றிக்கொண்டிருந்தது.

ராக்கம்மா மேடையேறினாள். "தொரை, அந்தக் கல்லு எங்களுதுங்க. குடுத்துருங்க. செல்விக்கு ரத்தம் நிக்கல."

"ரத்தம் வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. கல்லுகிட்டயா வருவாங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போகத்தானுங்க கல்லு."

வெல்ஃபேர் ஆபீசர் மனிஷா காதோரம் விளக்கினாள். "அவங்க நம்பிக்கை சார். கும்பிட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க போல."

தினகரன் உருகினார். விஞ்ஞான யுகத்தில் மூடநம்பிக்கையின் கேடுகள் பற்றி, நேரம் போவது தெரியாமல் ஒரு சிற்றுரை ஆற்றினார். பிறகு பெருந்தன்மையோடு, "வேற கல்லை வெச்சுக் கும்பிட்டுக்கம்மா" என்றார்.

"மத்த கல்லெல்லாம் கைவிட்டுருச்சுங்க தொரை. போன மாசம் பள்ளத்துக்கே போயிருப்போம். இதுதான் காப்பாத்துச்சு."

கூட்டம் சிரித்தது. ராக்கம்மா குனிந்து கல்லை உருவி இடுப்பில் வைத்தாள். சைக்கிள் நகர்ந்தது. தினகரன் பாய்ந்து சீட்டைக் கட்டிப்பிடித்தார். அதற்குப் பிரேக் இருப்பது அவருக்கு நினைவு வரவில்லை.

"ஒரு சாமிக் கல்லுக்கா இந்த அட்டகாசம்?"

படியிறங்கியபடியே அவள் சொன்னாள்: "சாமியில்லீங்க தொரை. வளைவுக்கு வளைவு நான் குதிச்சு டயருக்கு அடியில போடறதுங்க. உங்க எஸ்டேட் வண்டிக்கு இருக்கற ஒரே பிரேக்கு."