தண்ணி கலந்த பெட்ரோல்

வெர்னனுக்கு அப்போதைக்கு இருந்த ஒரே கவலை, முழங்கால் வரை அப்பியிருந்த சேறுதான். பக்கத்து சோயா வயலில் விமானத்தை இறக்கிவிட்டு, வேலி தாண்டி வந்த மனுஷன் வேறெப்படி இருப்பார்? விமானக் கொட்டகைக்குள் விமானிகள் கிளப்பே கூடி பேன்கேக் தின்றுகொண்டிருந்தது. தின்று முடித்ததும் அவர்தான் பேச வேண்டும். பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: "கார்புரேட்டரில் ஐஸ், ஜாக்கிரதை! பேசுபவர்: வெர்னன் ஹாகன்."

வருஷா வருஷம் இதே பேச்சுதான். "நம்ம விஸ்கான்சின் அக்டோபர் ஈரத்துக்கு, பனி விழாட்டியும், பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்புரேட்டர் தொண்டையில ஐஸ் கட்டும். என்ஜின் சோர்ந்தா சூட்டுக் குமிழை இழுங்க, சூடான காத்து போய் ஐஸை உருக்கும். உருகின தண்ணி உள்ளே போய் முதல்ல இன்னும் மோசமா இருமும், அப்புறம் சரியாயிடும். பயந்துபோய் திரும்பத் தள்ளிடாதீங்க!"

இன்று காலை அவருடைய என்ஜின் சோர்ந்தது. இழுத்தார். இருமியது. பயந்துபோய் திரும்பத் தள்ளினார்.

"என்ன வெர்னன், சோயா அறுக்கப் போனியா?" என்றான் டெல்மர், வாய் நிறைய பேன்கேக்கோடு.

"என்ஜின் படுத்துடுச்சுப்பா."

"ஐஸா?"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. வெர்னனுக்குக் காது மடல் சுட்டது.

"சேச்சே! நானாவது, ஐஸாவது! பெட்ரோல்ல தண்ணி."

"எங்க போட்ட?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. "இங்கதான்... நம்ம பங்க்ல."

சொன்ன பிறகுதான், அடுப்பருகே கரண்டியோடு நின்ற ஆர்டிஸ் கண்ணில் பட்டாள். ஓடுதளத்து ஓரத்தில் இருக்கும் அந்த ஒற்றை பங்க் அவளுடையது. புருஷன் போன பிறகு அவளுக்கு அதுதான் பிழைப்பு.

"ஏதோ ஒரு சொட்டு இருந்திருக்கும், விடுப்பா," என்று மழுப்பப் பார்த்தார்.

"எப்படி விடறது?" டெல்மர் தட்டைக் கீழே வைத்தான். "போன மாசம் நான் ரோட்டுல இறக்கினேனே, வாத்து மோதிடுச்சுன்னு? வாத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்ரோல்தான்! ஆர்டிஸ் மனசு நோகுமேன்னு வாயைத் திறக்கல."

"எனக்கும் அதே கதைதான்!" என்று எழுந்தாள் ஃபிலிஸ். ஆகஸ்டில் மாட்டு வேலியை முறித்துக்கொண்டு விமானத்தை இறக்கியவள் அவள். பின்மேசையில் இன்னும் ரெண்டு கை உயர்ந்தது.

வெர்னனுக்குத் தலை சுற்றியது. தான் விட்ட புளுகு நிஜமாகவே இருந்து தொலைக்குமோ?

"இன்னிக்கே பங்க்கை இழுத்துப் பூட்டணும்!" என்றான் டெல்மர்.

வெர்னனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தன் மானத்தைக் காப்பாற்றப் போய் ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டாகிவிட்டது.

"நிறுத்துங்கப்பா. என்னோடது ஐஸ்தான்," என்றார், தரையைப் பார்த்தபடி. "குமிழை இழுத்துட்டு, பயந்துபோய் திரும்பத் தள்ளிட்டேன்."

டெல்மர் அவர் முதுகில் தட்டினான். "பார்த்தீங்களா! அவளைக் காப்பாத்த பழியைத் தன் தலையில போட்டுக்கறான். மனுஷன்னா இவன் மனுஷன்!"

எல்லாரும் கைதட்டினார்கள். வெர்னன் சோயா வயலுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார்.

ஆர்டிஸ் நிதானமாக வந்து அவர் கையில் ஒரு பேன்கேக் தட்டை வைத்தாள்.

"பூட்டறதுன்னா பூட்டிக்கோங்க," என்றாள். "ஈஸ்டர்லேர்ந்தே, ஆறு மாசமா, தொட்டி காலி. உங்கள்ல ஒருத்தரும் வாங்க வரலேன்னு நான் அப்புறம் நிரப்பவே இல்ல."