இன்ஸ்பெக்டர் பாயும் எழுந்திருக்காத போர்டும்

கள்ளக்குறிச்சியில் இன்ஸ்பெக்டர் பாயின் விசாரணைக்கு உட்படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது ஆகாயம் மட்டும்தான். அதுவும் ஏணி எட்டாததால் தப்பித்தது. பாய்க்கும் போலீஸ் இலாகாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பி.இ. படித்தவர். துருகம் ரோட்டில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் சின்னக் கம்பெனியில் எனக்குக் கூட்டாளி. பம்புசெட்டையும் தானியம் உலர்த்தும் மிஷினையும் ஓட்டுகிற கன்ட்ரோல் போர்டு செய்வதுதான் எங்கள் பிழைப்பு. போர்டுக்குள் போகும் புரோகிராமை எழுதுவது நான். அது படுத்துக்கொண்டால் வருகிறவர் அவர்.

படுத்துக்கொண்ட எதையும் பாய் உடனே தொடமாட்டார். அதைக் கொண்டுவந்தவரை ஸ்டூலில் உட்காரவைப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். "கடைசியா ஒழுங்கா வேலை செஞ்சப்போ பக்கத்துல யாரு இருந்தாங்க?" என்று ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் உண்மை வெளியே வரும்வரை ஸ்டூலை விட்டு எழ முடியாது.

சின்னசேலத்துக்காரர் ஒருவர் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தானா நின்னுபோச்சிங்க" என்றார். பாய் விட்டால்தானே! அரை மணி நேரத்தில் அந்த மனிதர், கோபத்தில் ஸ்டார்ட்டரைக் கட்டையால் அடித்ததை ஒப்புக்கொண்டார். கோபம் உண்மையில் மச்சான் மேல் என்பதையும் ஒப்புக்கொண்டார். மச்சான் வாங்கித் தந்த சட்டையைத்தான் அப்போது போட்டிருந்தார் என்பதும் தெரியவந்தது. ஸ்டார்ட்டர் அன்றைக்கே சரியாகிவிட்டது. மச்சான் விவகாரம் முடியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஜடப்பொருளுக்கும் தண்டனை உண்டு. சார்ஜ் மட்டும் ஏற்றி, டேட்டாவைக் கொண்டுபோகாத கேபிள்களைச் சிவப்பு நூலால் கட்டி, சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருப்பார். "வாயில போட்டுக்கறதுக்கு மட்டும் வர்றானுங்க. ஒரு சேதி சொல்லி அனுப்புனா போய்ச் சேர்றதில்ல" என்பார். எங்கள் ஆபீசில் 'டெட்' என்ற வார்த்தைக்கும் தடை. எந்தப் போர்டும் சாவதில்லை. மயக்கம்தான் வரும்.

ஆறு வருஷமாக இவரோடு குப்பை கொட்டியதில் எனக்குப் பாதி நரை வந்துவிட்டது. டீயில் சர்க்கரை ஜாஸ்தியானால்கூட விசாரணை நடக்கும் ஆபீசில் மனுஷி எப்படி வேலை பார்ப்பது?

அப்படி இருக்கையில்தான் மலையிலிருந்து போன் வந்தது. வெள்ளிமலைக்கும் அப்பால் ஓர் ஊரில், பெண்கள் குழு ஒன்று எங்கள் போர்டு போட்ட உலர்த்தும் மிஷினை வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொள்வது காளியக்கா. சாமையை அறுத்து அடித்து முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. கூடவே இடி இறங்கி போர்டு கருகிவிட்டது. "மூட்டைல கைய வுட்டா சூடா இருக்குது பாப்பா. இன்னும் ஒரு நாளு போனா மொளச்சிக்கும்" என்றாள் காளியக்கா. அது அந்த ஊர் முழுக்க வருஷத்துக்கும் சாப்பிட வேண்டிய சாமை. அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலிருந்துதான்.

கையிருப்பில் இருந்த ஒரே ஒரு போர்டை எடுத்துக்கொண்டு, பாயின் பைக்கில் மழைக்கோட்டோடு மலை ஏறினோம். போன வேகத்தில் லேப்டாப்பைத் திறந்து, அந்த மிஷினுக்கான புரோகிராமை ஏற்ற ஆரம்பித்தேன். பாதி ஏறியிருக்கும். மழைக்கு ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டுக்குட்டிக்கு என்ன தோன்றியதோ, கேபிளைத் தாண்டிக் குதித்தது. காலில் மாட்டிக் கேபிள் பிடுங்கிக்கொண்டது. போர்டில் விளக்கு அணைந்தது.

இதற்கு வழி உண்டு. போர்டில் 'பூட்' என்று ஒரு பட்டன், 'ரீசெட்' என்று ஒரு பட்டன். பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீசெட்டை ஒருதரம் தட்டினால், உள்ளே இருக்கிற அரைகுறையை மறந்துவிட்டு, 'புதுசா ஏற்றுங்கள்' என்று போர்டு லேப்டாப்புக்குச் சொல்லும். ரெகவரி மோட் என்பது இதுதான். அழுத்தினேன், தட்டினேன். கேபிளை மாற்றி அழுத்தினேன். லேப்டாப்பையே அணைத்துவிட்டு மறுபடி தட்டினேன். போர்டு அசையவில்லை. சுற்றி நின்ற பெண்கள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியக்கா ஒரு மூட்டை மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள், காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

"டெட்டு பாய்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அந்த வார்த்த சொல்லாத." பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். கவிழ்த்த அண்டா ஒன்றைக் காட்டி, "ஒக்காரு" என்றார்.

ஊரே சாமைக்காகத் தவித்துக்கொண்டிருக்கும்போது இந்த ஆள் என்னை விசாரிக்கிறார்! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"இந்தப் போர்டு கடைசியா எப்ப பூட்டுக்குப் போச்சி?"

"நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்க. ஆயுத பூஜைக்கு மொத நாளு."

"அப்ப போச்சா?"

"ஒரே தட்டுல போச்சி."

"அப்புறம் எங்க வெச்ச?"

"பொட்டில. இன்னிக்குதான் எடுத்தேன்."

"நடுவுல யாரு கை பட்டுது?"

அவர் கையைப் பார்த்தேன். பாயின் முகம் மாறிவிட்டது. மெதுவாகப் போர்டை எடுத்து, பூட் பட்டனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

ஆயுத பூஜையன்று நான் லேப்டாப்புக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். "ஒண்ணுத்தயும் வுடாத, கோச்சிக்கும். எங்க தர்காவுல பூசாத சந்தனமா, எனக்குத் தெரியாத வேலையா?" என்று கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு, போர்டு போர்டாகப் பொட்டு வைத்தவர் பாய்தான். பூட் பட்டன் பார்க்க நடுநெற்றி மாதிரி இருக்கிறதென்று அதன் மேலேயே வைத்தார், நல்ல குழைவாக. மேலே இருந்ததை மறுநாள் துடைத்துவிட்டோம். உள்ளே இறங்கியது காய்ந்து கெட்டியாகி, பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அடியில் தொடவிடாமல் உட்கார்ந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பழியை ஆட்டுக்குட்டி தலையில் கட்டியிருப்பார்கள். அதுவும் வசதியாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. பாய் எழுந்து நின்றார்.

"காளியம்மா, குத்தவாளி கெடச்சிட்டான். நான்தான்."

அத்தனை கம்பீரமாக ஒருவர் தன்னைத்தானே பிடித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. விஷயம் புரிந்ததும் காளியக்கா பதறினாள். "சாமிக்கு வெச்ச பொட்டுங்க அது. அதுல இன்னாங்க குத்தம்?"

"சாமிய இதுல இழுக்காதீங்க. வெச்ச கை என்னுது." சட்டென்று குரல் மாறியது. "ஒரு ஊக்கு குடுங்க."

காளியக்கா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "பட்டன் செய்யிற வேலை இன்னா? ரெண்டு காலயும் ஒண்ணா சேக்கறது. அத இது செய்யும்" என்றபடி பாய் ஊக்கின் முனையைப் பட்டனின் அடியில் நீட்டியிருந்த இரண்டு கம்பிக் கால்களுக்கும் குறுக்கே வைத்தார். பெரிய ஆகிருதி. ஊக்கு அந்த விரல்களுக்குள் காணாமல் போனது. "தட்டு" என்றார். ரீசெட்டைத் தட்டினேன்.

லேப்டாப் மணி அடித்தது. போர்டு விழித்துக்கொண்டது. புரோகிராம் ஏறி முடியும்வரை இரண்டு பெண்கள் ஆட்டுக்குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி தொடங்கி எத்தனையோ மிஷின் ஓடியதைப் பார்த்தாயிற்று. அன்றைக்கு அந்த ஃபேன் சுற்ற ஆரம்பித்தபோது வந்த பெருமை இன்னும் தீரவில்லை. அதில் பாதி மிஷினுக்கு, மீதி அவருக்கு.

காளியக்கா சாமையைத் தட்டுகளில் பரப்பிவிட்டு, சூடான காற்றில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாய் அதற்குள் ஃபேன் பெல்ட் ஏன் இப்படிக் கத்துகிறது என்று ஒரு பெண்மணியை அண்டா மேல் உட்காரவைத்திருந்தார்.

"தப்ப தன் மேலயே போட்டுக்கினு, அத சரியும் பண்ணிட்டாரே! யாரு பாப்பா இவரு, ஒனக்கு இன்னா ஆவணும்?" என்றாள் காளியக்கா.

கூட்டாளி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எங்க அண்ணன்க்கா" என்றேன்.