எப்போதும் இருபத்தொன்று

உலகில் ஒரு இனம் உண்டு. குறையைத் தீர்க்காது, குறை சொல்லும் வாயை அடைக்கும். கூரை ஒழுகினால், ஒழுகும் இடத்தில் பூந்தொட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, இனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று பெருமைப்படும். காரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பட்டறைக்குப் போகாது. அந்த விளக்கின் மேல் புனித நிக்கோலஸ் படத்தை ஒட்டும். வாயடைப்பாளர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இவரை எங்கும் பார்க்கலாம். ஆனால் முழுத் தோகையையும் விரித்து ஆடுவதைப் பார்க்க வேண்டுமா? தான் எழுதும் புரோகிராமில் வேறு யாரோ எழுதிய லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

லைப்ரரி என்றால் புத்தகங்கள் அல்ல. யாரோ முன்பே எழுதி வைத்த ஆயத்த வேலைகளின் மூட்டை. அதைச் சேர்க்கும்போது வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். முதல் ஆள் கம்பைலர். கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்ப்பவர்; பெயரும் எழுத்தும் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடுவார். அடுத்தவர் லிங்கர். பந்தியில் நின்றுகொண்டு, பெயர் இருக்கிறது, ஆள் எங்கே என்று கேட்பவர். பெயர் என்பது புரோகிராம் கூப்பிடும் ஒரு வேலை; ஆள் என்பது அந்த வேலையைச் செய்யும் துண்டு, அதாவது ஃபங்ஷன். ஆள் வராத ஒவ்வொரு பெயரையும் பிழையென்று திரையில் எழுதுவார்.

நல்ல புரோகிராமர் என்ன செய்வார்? லைப்ரரி எங்கே கிடக்கிறது, அந்த இடத்தை லிங்கருக்குச் சொன்னோமா, சரியான வரிசையில் சொன்னோமா என்று பார்ப்பார். வாயடைப்பாளர்? முதலில் கணினியை அணைத்து மறுபடி போடுவார். பிறகு காபி. பிறகு, எங்காவது கண்ணில் படட்டும் என்று லைப்ரரிக் கோப்பை எல்லா ஃபோல்டரிலும் ஒரு பிரதி போட்டு, புரோகிராமில் ஏழெட்டு இடங்களில் கைவைத்து, கைவைத்த இடங்களை மறந்து, பழைய பிழையோடு புதிதாக நாற்பதைச் சம்பாதித்து, லைப்ரரி எழுதியவனின் தாயாரை உரக்க நினைவுகூர்ந்து, இன்னொரு காபி குடிப்பார். அப்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறக்கும். லிங்கர் கேட்பது பெயருக்கு ஒரு ஆள்தானே? எந்த ஆள் என்று கேட்கவில்லையே! அதே பெயரில் வெற்று ஃபங்ஷன் ஒன்றைத் தானே எழுதிவிடுவார். அது எந்த வேலையும் செய்யாது. ஓர் எண்ணைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். லிங்கர் தலையாட்டுவார். பிழை பூஜ்யம்.

என் அப்பா வலேரியு இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி.

பிரெய்லா நகரில் எங்கள் நான்கு மாடிக் கட்டடம் முழுவதற்கும் அடித்தளத்தில் ஒரே கொதிகலன். ஓய்வுபெற்ற எஞ்சினியர் சும்மா இருப்பாரா? பழைய கணினி ஒன்றைக் கொதிகலன் அறைக்கு இறக்கினார். வீடுகளின் வெப்பத்தை அளந்து, வால்வைத் தானே திருப்பிக்கொள்ளும் புரோகிராம் எழுதினார். நுழைவாயிலில் ஒரு சின்னத் திரை. அதில் வெப்பம் எப்போதும் 21 டிகிரி. ஏழு குளிர்காலமாக ஒரு புள்ளி ஏறியதில்லை, இறங்கியதில்லை. நிர்வாகி போஸ்தோலாகே பக்கத்துக் கட்டடத்தாரை அழைத்துவந்து, தானே கண்டுபிடித்ததுபோல அதைக் காட்டுவார்.

ஜனவரியில் அப்பா இறந்தார். இதயம்.

அடக்கம் முடிந்து, இறந்தவர் நினைவாகக் கொடுக்கும், சர்க்கரை தூவிய கோதுமைக் கொலிவாவைக் கிண்ணங்களில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக இறங்கினேன். வீடுகள் விறைத்துக் கிடந்தன. நுழைவாயிலில் எல்லாரும் ஓவர்கோட்டோடு திரைக்குக் கீழே நின்றிருந்தார்கள். திரையில் 21.

"இருபத்தொண்ணு இருக்கே!" என்றார் போஸ்தோலாகே, கம்பளித் தொப்பிக்குள்ளிருந்து. "துக்கத்துல குளிர் ஜாஸ்தியாத்தான் தெரியும்."

"அப்ப நீங்க அந்தத் திரைக்குள்ளயே போய்க் குடியிருங்களேன்," என்றார் தரைத்தளத்து ஸம்ஃபிரா அத்தை. "எங்க வீட்டுல சமையல் எண்ணெய் கட்டியாயிருச்சு."

"சரி, மிஷினும் அவர் கூடவே போயிருச்சுன்னு வைங்க. நாளைக்கே தூக்கிக் குப்பையில போட்டுட்டுக் கம்பெனி ஆளைக் கூப்பிடறேன்," என்றார் போஸ்தோலாகே.

அப்பா செய்தவற்றில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கிண்ணத்தை நிர்வாகியின் கையில் வைத்தேன். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்," என்றார். கொலிவா வாங்கும் எல்லாரும் சொல்வதுதான். எதற்காக மன்னிக்க வேண்டும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. நான் பாக்கறேன்," என்றேன்.

அடித்தளத்தில் புரோகிராமைத் திறந்தேன். வெப்பமானியைப் படிக்கும் ஃபங்ஷன், வெப்பமானி விற்றவர்களின் லைப்ரரியில் இருக்க வேண்டியது, அப்பாவின் கோப்பில் இருந்தது. ஒரே வரி. எப்போது கேட்டாலும் இருபத்தொன்று. மேலே ஒரு குறிப்பு: "தற்காலிகம். நாளைக்குச் சரிசெய்யணும்."

வேண்டிய வெப்பமும் அதே இருபத்தொன்றுதான். ஆக, அந்தப் புரோகிராம் ஒருமுறைகூட வால்வைத் தொட்டதில்லை. பிறகு கட்டடம் எப்படிச் சூடாக இருந்தது?

ஸம்ஃபிரா அத்தை என் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றிருந்தார். "விடியறப்ப ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை, செருப்பை இழுத்துக்கிட்டு உங்கப்பா வருவாரு. குழாயைத் தொட்டுப் பாப்பாரு. அந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்புவாரு. 'ஏன் எஞ்சினியர் ஐயா, அதான் கம்ப்யூட்டர் பாத்துக்குதே?'ன்னு கேட்டேன். 'பாவம், தனியா இருக்கு, துணைக்கு வந்தேன்'னாரு."

எங்கள் வீடு நான்காம் மாடி. லிஃப்ட் கிடையாது. மாலையில் நான் போன் செய்தால் அப்பாவுக்கு மூச்சு வாங்கும். "என்னப்பா, மூச்சு வாங்குது?" "நல்லா இருக்கேன்மா." எப்போது கேட்டாலும் அதே பதில்.

அந்த வரியை அழித்தேன். லிங்கர் உடனே வாய் திறந்தார்: பெயர் இருக்கிறது, ஆள் இல்லை. லைப்ரரிக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இருக்க வேண்டாத ஆறு இடங்களிலும் இருந்தது. வரிசைதான் தவறு. கட்டளையில் லைப்ரரியின் பெயரை அப்பா முதலில் எழுதியிருந்தார். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறவர். லைப்ரரியைத் தாண்டும்போது அதனிடம் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியபோது அவர் தாண்டிப் போயிருந்தார். திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு சொல்லை வரியின் தலையிலிருந்து வாலுக்கு நகர்த்தினேன். முடிந்தது. இந்த ஒரு சொல்லை நகர்த்துவதற்குப் பதிலாக, மனிதர் ஏழு குளிர்காலம் தன்னையே நகர்த்தியிருக்கிறார்.

மேலே வந்தோம். திரை அணைந்திருந்தது. கொஞ்ச நேரம் வெறுமையாகவே நின்றது. பிறகு 14.

"கெடுத்துட்டியேம்மா!" என்று அலறினார் போஸ்தோலாகே. "இத்தனை வருஷம் ஒழுங்கா இருந்ததை!"

"சும்மா இருங்க. இப்பதான் அது வாயத் தொறந்து நிஜம் சொல்லுது," என்றார் ஸம்ஃபிரா அத்தை.

அடித்தளத்தில் வால்வு முனகிக்கொண்டே தானாகத் திரும்பும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து 15 வந்தது. முதலில் தொப்பியைக் கழற்றியவர் போஸ்தோலாகேதான். "குப்பைக்கு இப்ப வேண்டாம்," என்றார்.

ஸம்ஃபிரா அத்தை காலிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நீ எப்படி இருக்கே கண்ணு?"

"நல்லா இருக்கேன் அத்தை."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கே," என்றார்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்குக் கணினியும் தெரியாது, லிங்கரும் தெரியாது, இந்த இனத்தோடு கொள்வினை கொடுப்பினையும் கிடையாது. நல்லது. இன்று மாலை யாராவது உங்களிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். உண்மையாக அளந்து சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.