சப்பாத்து லேஸ் அவிழ்ந்த விவகாரம்

மேல் பிரிவு, பதுளை.
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

பெருமதிப்புக்குரிய மச்சான் அழகையா அவர்களுக்கு,

பதுளையிலிருந்து இராசையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சியும் மகள் சுபாஜினியும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். அங்கே வெலிமடையில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் கரட் பாத்தி இந்த மழையில் அழுகாமல் இருக்கவும் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்து, இந்த மலையில் நின்று அடுத்த மலைக்குக் கத்திய தொண்டை இது. ரகசியம் பேசினாலும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். இந்த விஷயம் சுபா காதில் விழக்கூடாது. அவள் என்னோடு பேசி இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது.

எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. பண்டாரவளை மருந்துக்கடையில் அவளோடு வேலை செய்யும் ஜிப்னா என்ற பிள்ளையும் இவளுமாகப் போய், கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பழக்கும் ஒரு கழகத்தில் சேர்ந்தார்கள். ஓடி ஓடி, மறைப்புக்குப் பின்னால் நின்று நின்று, அட்டையையும் தகரத் தட்டையும் சுட வேண்டுமாம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நம்ம ஆளுங்க துப்பாக்கியைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற ஆளுங்க, இது என்னடான்னா வரிசையில நின்னு பேர் குடுத்துட்டு வந்துருக்கு. உங்களிடம் முறையிட்டதற்கு, "விடுங்க மச்சான், புள்ள ஆசப்படுது" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இப்போது இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், கழகத்துக்காரர்கள் பொறுப்பான ஆட்கள். துப்பாக்கி அவர்களுடையது, வீட்டுக்கு வருகிற பேச்சே இல்லை. முதல் மாதம் ஒரு தோட்டாவைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும், அதன் வாய் எப்போதும் தோட்டாவைத் தாங்கும் மண்மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும், குறி பார்த்துச் சுட முடிவு செய்கிற வரைக்கும் விரல் விசைக்குப் போகக்கூடாது, களத்து அதிகாரி சொல்லாமல் உறையிலிருந்து எடுக்கவே கூடாது. இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். வேகம் தானாக வரும், முதலில் யாருக்கும் காயம் இல்லாமல் வீடு போய்ச் சேரப் பழகு என்றார்களாம். வீட்டில் வெறுங்கையால் பழகச் சொன்னார்கள். இவள் நீங்கள் அனுப்பிய கரட்டை இடுப்பில் சொருகிக்கொண்டு, சுவரைப் பார்த்து உருவுவதும் வைப்பதுமாக நின்றாள். நான் குறுக்கே போனால், "அப்பா, குறிக்கு முன்னால நடக்காதீங்க" என்பாள். கரட்டுக்குப் பயந்து சொந்த வீட்டுக்குள் சுற்றிப் போனேன் மச்சான், முழங்கால் வலியோடு. பழகி முடிந்ததும் அதே கரட்டை உங்கள் தங்கச்சி பொரியல் செய்வார். பழகும்போது அவள் விரலும் விசைப் பக்கம் மடங்காமல் நேராகத்தான் இருக்கும், அதை நானே பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு அவளுக்கு முதல் போட்டி. தியத்தலாவைப் பக்கம் சுடுகளம். வயசுப்பிள்ளையைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். பார்வையாளர் கூடாரத்தில் எனக்கும் கண்ணாடியும் காது மூடியும் கொடுத்து, சத்தம் போடக்கூடாது என்று சொன்னார்கள். நான் எங்கே சத்தம் போடுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முறை வந்தது. அதிகாரி சொன்ன பிறகு தோட்டா போட்டாள். தொடங்கச் சொல்லும் கருவி பீப் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு தட்டு விழுந்தது. பக்கத்தில் ஜிப்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த மறைப்புக்கு ஓட வேண்டிய நேரம். அப்போதுதான் பார்த்தேன், சப்பாத்து லேஸ் அவிழ்ந்து தரையில் இழுபடுது. கையில துப்பாக்கி, காலுல லேஸ், விழுந்தா என்னாகும்? பெத்த மனசு பதறாதா? என்னையறியாம, "சுபா, லேஸ்!"ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டேன்.

மச்சான், மலையில் கங்காணி கூப்பிட்டால் அத்தனை பேரும் திரும்பி, முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. வீட்டிலும் அதையேதான் சட்டமாக வைத்திருந்தேன். சோற்றுத் தட்டோடு இருந்தாலும் திரும்பிப் பார்த்து, "என்னங்கப்பா" என்று சொல்லித்தான் வளர்ந்தாள். அன்றைக்கும் அப்படியே திரும்பினாள். கையில் இருந்ததும் கூடவே திரும்பியது.

கூடாரமே குனிந்துவிட்டது. ஒருத்தர் சோற்றுப் பார்சல் மேலேயே படுத்துவிட்டார். முழங்கால் மடங்காததால் நான் மட்டும் நின்றேன். துப்பாக்கி வாய் என் நெஞ்சுக்கு நேராக இருந்தது. விரல் விசைக்கு வெளியே, நேராக நீட்டியபடி இருந்தது. கரட்டில் பழகிய அதே விரல். அது உள்ளே இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் உங்களுக்கு எழுதியிருப்பார்கள்.

அதிகாரி, "நிறுத்து" என்றார். அப்புறம் மெதுவாகச் சொல்லிச் சொல்லி, மண்மேட்டுப் பக்கம் திருப்பி, தோட்டாவை எடுக்கவைத்து, உறையில் போடவைத்தார். துப்பாக்கி வாய் ஆள் பக்கம் திரும்பினால் போட்டி அத்தோடு முடிந்ததாம், காரணம் கேட்கமாட்டார்களாம். நான் ஓடிப்போய், தப்பு என்மேல்தான் ஐயா என்றேன். துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் அவர்தானே என்றார்.

அங்கே அவள் அழவில்லை. பஸ்ஸில் பதுளை வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து தேத்தண்ணி மேசைக்கு வருகிறது, பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான், உடம்பும் ஓய்ந்துபோச்சு.

ஆகையால் தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் ஒரு நடை வந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தப் போட்டியே வேண்டாம், விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தத் துப்பாக்கி வாய் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. இரண்டு, அப்பா செய்தது தப்பு, மனசு வருத்தப்படுகிறார் என்று சொல்லுங்கள். கங்காணியாக இருந்தவனுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் வீட்டுக்காரர்,
இராசையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது சுபா வேலையிலிருந்து வந்துவிட்டாள். வாசலில் குடையை மடக்கியபடியே பேசினாள், ஒன்பது நாளைக்குப் பிறகு. "அப்பா, காது மூடி போட்டிருந்த அத்தன பேருக்கும் ஒங்க சத்தம் கேட்டுச்சாம். களத்துல 'நிறுத்து' சொல்றதுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்னு அந்த அதிகாரி சார் கேக்குறாரு. மொதல்ல என் கூட பயிற்சிக்கு வரணும், நான் சுடுறப்ப வாயத் தொறக்கக் கூடாது. வர்றீங்களா?" நான் அவள் முகத்தைப் பார்த்து, "சரிம்மா" என்றேன். ஆகையால் நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். வருகிற பஸ்ஸில் நல்ல நீளமான கரட்டாகப் பார்த்து இரண்டு அனுப்பிவையுங்கள். ஒன்று அவளுக்கு.