கோணல் கம்பு விஷயமாக அத்தானுக்கு

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் முதலில் எழுதினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி, "முதல் வரியிலயே பொய்யா?" என்றாள். அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன். நான் சௌக்கியமாக இல்லை அத்தான். சாப்பாடு இறங்கவில்லை, யாராவது கதவைத் தட்டினால் மனைவியை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நான் "சரி அத்தான்" என்று வைத்துவிடுவேன். இந்த வினையே அப்படி வந்ததுதான்.

பார்க்கும்போதெல்லாம் "அங்க அப்படி என்னதான் வேலை?" என்று கேட்பீர்கள். ஆறு கடலில் கலக்கிற இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு, நாணல், நண்டு, பறவை. அதை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தொடாமல் இருப்பதற்கு ஓர் அலுவலகமா, ஒரு படகா, ஒரு பொறுப்பாளரா என்று நீங்கள் சிரித்தது எனக்கு மறக்கவில்லை. மேலிடத்துக்கும் அதே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. இந்தக் கழிமுகப் பாதுகாப்பு நிலையத்தின் நிர்வாகம் எப்படி இருக்கிறது என்று மதிப்பிட ஒரு குழுவை அனுப்பிவிட்டார்கள். சரியில்லை என்று குழு எழுதினால் கழிமுகம் துறைமுகத்துக்காரர்கள் கைக்குப் போய்விடும். அவர்கள் தூர்வாரும் இயந்திரத்தை எங்கள் வேலியோரமாகவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு இந்தச் சேற்றின் மேல் பாசம் வந்துவிட்டது. அதை அவர்கள் அள்ளிக் கொட்டுவதைப் பார்க்க என்னால் முடியாது.

அந்தப் பதற்றத்தில்தான் உங்களுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளராக இருந்து எத்தனையோ ஆய்வுகளைச் சமாளித்தவர் நீங்கள். "வர்றவன் ஒண்ணும் படிக்கமாட்டான் மாப்ளே, கண்ணாலதான் பாப்பான். பெயிண்ட் வாசனை அடிச்சாப் போதும், பாதி மார்க் விழுந்துரும். எல்லாம் பளிச்னு, வரிசையா இருக்கணும்" என்றீர்கள். நான் "சரி அத்தான்" என்று வைத்துவிட்டேன். பெயிண்டரை வரவழைத்து வாசல் கதவு, அறிவிப்புப் பலகை, படகு, படகு கட்டுகிற முளை, அலுவலகக் குழாய் வரைக்கும் அடிக்கச் சொன்னேன். குழாய் இன்றுவரை திறக்கவில்லை, பக்கத்துக் கட்டடத்தில் போய்த்தான் கை கழுவுகிறோம். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெயிண்ட் மீந்துவிட்டது.

இங்கே சேற்றில் அளவுக் கம்புகள் உண்டு. எனக்கு முன்பிருந்தவர்கள் நட்டவை. ஆறு கொண்டுவரும் வண்டல் எவ்வளவு படிகிறது, கடல் எவ்வளவு அரித்துக்கொண்டு போகிறது என்பதைக் கம்பில் சேறு எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் ஆராய்ச்சியாளர் ஒரு பெண், என் மனைவி அவருக்குச் சேற்று டாக்டர் என்று பெயர் வைத்திருக்கிறாள், அவர் அந்தக் கம்புகளைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரியும். ஆனால் பார்க்க அவை சகிக்கவில்லை அத்தான். சிப்பி ஒட்டி, பாசி படிந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து, வரிசையில் நில்லுங்கள் என்றால் கேட்காத கூட்டம் மாதிரி நின்றன. டாக்டர் விடுப்பில் போயிருந்தார். "சுரண்டணும்னா பிடுங்கித்தான் சார் சுரண்டணும், சேத்துல நின்னுக்கிட்டு நான் எங்க அடிக்கறது?" என்று பெயிண்டர் கேட்டார். "பிடுங்குங்க, திருப்பி நடும்போது மட்டும் கயிறு கட்டி நேரா நடுங்க" என்றேன். கயிறு கட்டி! என் வாயால் சொன்னது. அவர் ஆட்களோடு வந்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, ஒரே கோட்டில் நட்டுவிட்டுப் போனார். எனக்கே புல்லரித்துவிட்டது. போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், நீங்களும் பலே என்று பதில் போட்டீர்கள். வாய்க்காலோரம் ஆழமான சேற்றில் இருந்த ஒரே ஒரு கம்பு மட்டும் பாக்கி. அதற்குப் போன பெயிண்டர் இடுப்பு வரை இறங்கி, செருப்பைப் பறிகொடுத்துவிட்டு, "அந்தக் கம்புக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல சார்" என்று கரையேறிவிட்டார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் திரும்பி வந்தார். தோளில் பையோடு கரையில் நின்றவர் கத்தவில்லை, அழவில்லை. "யாரு?" என்று மட்டும் கேட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு "எப்படி, அழகா இருக்குல்ல?" என்றேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார் அத்தான். "சார், ஒவ்வொண்ணும் கெட்டித் தரை வரைக்கும் இறங்கியிருந்துச்சு. சாஞ்சிருந்தாலும் எவ்வளவு சாஞ்சிருக்குன்னு எங்கிட்ட கணக்கு இருந்துச்சு. கம்பு அதே இடத்துல இருந்தாத்தானே சேறு ஏறுதா இறங்குதான்னு தெரியும்? இப்ப இதெல்லாம் வெறும் குச்சி" என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் அந்தக் கோணல் கம்பு பட்டது. எழுந்து, இடுப்பளவு சேற்றையும் பார்க்காமல் இறங்கிப் போய், காணாமல் போன குழந்தை கிடைத்த மாதிரி அதைக் கட்டிக்கொண்டார். "இது ஒண்ணு தப்பிச்சுதே! இத வச்சுப் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் எப்படியாவது ஒட்டவெச்சிரலாம் சார்" என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

இன்று குழு வந்தது. தலைவியம்மா ஒருவர், வாயே திறப்பதில்லை. கூட ஒரு கணக்கு அதிகாரி, காலணிக்கு மேல் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு நடந்தார். கம்பு வரிசையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். "அருமை, அருமை! இதுதான் பராமரிப்பு!" என்றார். நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டே சிரித்தேன். பிறகு அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார். "அது என்ன, அது மட்டும் கோணலா?" டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மென்று விழுங்கி, "அது பழசு சார்" என்றேன். "பழசுன்னு தெரியுது. ஏன் அப்படியே விட்டீங்க? நாளைக்கு நாங்க கிளம்பறதுக்குள்ள அதையும் பிடுங்கி வரிசையில நட்டுருங்க. இல்லேன்னா நான் மார்க் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். தலைவியம்மா ஏதோ குறித்துக்கொண்டார்.

நான் என்ன செய்யட்டும் அத்தான்? பிடுங்கினால் மார்க் வரும், நிலையம் பிழைக்கும், ஆனால் ஆராய்ச்சி செத்துப்போகும். பிடுங்கமாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதெல்லாம் ஏன் நேராக நிற்கிறது என்றும் சொல்ல வேண்டும். அளக்கிற கம்பைப் பிடுங்கிப் பெயிண்ட் அடித்த பொறுப்பாளர் என்று எழுதிவிட்டால், துறைமுகத்துக்காரர்கள் அன்றைக்கே இயந்திரத்தைக் கிளப்பிவிடுவார்கள். டாக்டரிடம் கேட்டேன். "பிடுங்கறதா இருந்தா மொதல்ல என்னப் பிடுங்குங்க" என்கிறார். பெயிண்டருக்கு யார் சொன்னார்களோ, கூப்பிடாமலே வந்து, "இந்தத் தடவ சேத்து மேல போட்டு நடக்கப் பலகை இருக்கு சார், கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார். மனைவியிடம் கேட்டால், "புத்தி சொல்லத்தான் உங்க அத்தான் இருக்காரே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். காலை முதல் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் கிளம்பி வாருங்கள். கணக்கு அதிகாரியிடம் அவர் பாஷையில் பேச உங்களை விட்டால் எனக்கு ஆளில்லை. வர முடியாவிட்டால் கொஞ்சம் நம்பும்படியாக ஒரு பொய்யாவது சொல்லி அனுப்புங்கள். கம்பில் பறவை முட்டை வைத்திருக்கிறது என்று சொல்லலாமா என்று நானே யோசித்தேன், ஆனால் கணக்கு அதிகாரி எட்டிப் பார்க்கிற ஜாதி.

அக்காவிடம் இதைச் சொல்லாதீர்கள், அவள் உடனே என்னைத் திட்ட ஆரம்பித்து உங்களில் கொண்டுபோய் முடிப்பாள். குழந்தைகளுக்கு என் அன்பு. வீட்டில் எல்லாரும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும், என்னைக் காப்பாற்றவாவது.

உங்கள் சொல் கேட்ட,
மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், வரவேண்டாம். தயவுசெய்து வந்துவிடாதீர்கள். முதல் பஸ்ஸை விட்டுவிட்டேன், அதனால் இதையும் சேர்த்து எழுதுகிறேன். காலையில் நான் போவதற்குள் பெயிண்டர் பலகை போட்டு நடந்து, கம்பில் கை வைத்துவிட்டார். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, அலுவலக உடுப்போடு சேற்றில் குதித்து, கம்பைக் கட்டிக்கொண்டு "கைய எடுய்யா!" என்று கத்தினேன். குழு ஓடி வந்தது. இடுப்பளவு சேற்றில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயிண்ட், கயிறு, வரிசை, யார் சொல்லிச் செய்தேன் என்பது உள்பட. மன்னியுங்கள், உங்கள் பேர் வந்துவிட்டது. கணக்கு அதிகாரி பூஜ்யம் போடப் பேனாவை எடுத்தார். தலைவியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "எழுதாதீங்க. இவருக்கு ஒரு வருஷம் குடுப்போம். அந்தப் பொண்ணு கணக்க ஒட்டவெச்சுக் காட்டட்டும். அதுவரைக்கும் யாரும் இந்தச் சேத்துல கை வைக்கக்கூடாது" என்றார். டாக்டர் அழுதார், நானும் அழுதேன். பூஜ்யம் போட வேண்டிய இடத்தில் ஏன் அம்மா இப்படி என்று கேட்டேன். அவர் அந்தச் சிவப்பு வெள்ளை வரிசையைப் பார்த்தார். "நாங்க இதுவரைக்கும் போன எல்லா இடத்துலயும் கம்பு இப்படி நேராத்தான் நின்னுச்சு. நாங்களும் சந்தோஷமா மார்க் போட்டுட்டு வந்தோம். இனிமே ஒவ்வொரு இடமாத் திரும்பிப் போயி, இங்க அத்தான் யாருன்னு கேக்கணும்" என்றார்.