சிவப்புப் பூ கொழும்பு, வெள்ளைப் பூ ஊட்டி

கப்பலைக் கட்டி நிறுத்துகிற கயிற்றை இருபத்தைந்து வருடமாக விற்றுவரும் செந்தூர்வேலுக்கு ஒரு வாழைநாரை முடிச்சுப் போட வரவில்லை. குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தார். நார் அறுந்து, இலை கிழிந்து, பூ காலடியில் கொட்டியது.

"யப்பா, எவ்வளவு நேரம்? டியூசனுக்கு நேரமாவுது!" வெளியே மகன் சிவப்பிரகாஷ் கதவைத் தட்டினான்.

"வயிறு சரியில்லடே. பின்னாடி குழாயில மூஞ்சியக் கழுவிட்டுப் போ."

கீழே கிடந்த நந்தியாவட்டைப் பூக்களைப் பொறுக்கினார். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் கையை விட்டு, இருட்டோடு இருட்டாகத் திருடியவை. திருடியதில் ஒன்றுகூடச் சிவப்பு கிடையாது. அதுதான் விஷயமே.

பூஜை அலமாரியில் முருகன் படத்துக்கு முன்னால், வாழையிலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் நேற்று சாயங்காலத்திலிருந்து இருக்கின்றன. ஒன்றில் சிவப்பு அரளி, ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை. விளக்கேற்றியதும் மகள் பானுப்ரியா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். சிவப்பு வந்தால் குடும்பத்தோடு கொழும்பு. வெள்ளை வந்தால் ஊட்டி. செந்தூர்வேல் கட்டிக்கொண்டிருந்தது வேறு இரண்டு பொட்டலங்கள். இரண்டிலும் வெள்ளை.

முருகனை ஏமாற்றுகிறோமே என்ற பயம் அவருக்கு இல்லாமலில்லை. முருகனிடம் பிறகு திருச்செந்தூர் போய்ப் பேசிக்கொள்ளலாம். இந்துமதியிடம்தான் பேச முடியாது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், அவளைத் துறைமுகக் கடற்கரைக்குக் கூட்டிப் போயிருந்தார். தூரத்தில் ஒரு கப்பல் கிளம்பிப் போனது. "ஒருநாள் உன்னையும் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போறேன் பாரு," என்று புதுமாப்பிள்ளை முறுக்கில் சொல்லிவிட்டார். புதுமாப்பிள்ளை சொல்வதையெல்லாம் யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? இந்துமதி வைத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதும்போது மட்டும் சாம்பாரைக் கிண்டுகிற அவள் கை கொஞ்சம் நிற்கும். செந்தூர்வேல் அதைப் பார்த்திருக்கிறார். பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

பானுப்ரியா பிளஸ் டூ முடித்து, கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள். அதற்கு முன் நாலு பேருமாக எங்காவது போய்வர வேண்டும் என்று பேச்சு வந்தது.

"கொழும்புப்பா. மதுரையில பிளேன் ஏறினா காபி குடிச்சு முடிக்கதுக்குள்ள இறங்கிரலாம். ஊட்டி அதைவிடத் தூரம்," என்றாள் பானுப்ரியா.

"தூரம் கிடக்கட்டும். பாஸ்போர்ட் அது இதுன்னு…"

"அதான் இருக்கே," என்று இந்துமதி பீரோவைத் திறந்தாள். பட்டுச்சேலைக்கு அடியில், அந்துருண்டை வாசத்தோடு நாலு பாஸ்போர்ட். ஒன்றிலும் ஒரு முத்திரைகூடக் கிடையாது.

டிராவல்ஸில் போய் விசாரித்த செந்தூர்வேல், அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அந்த வருடம் கோடை மழை உப்பளங்களைக் கரைத்திருந்தது. உப்பு இல்லையென்றால் அதை மூடத் தார்ப்பாயும் வேண்டாம். அவர் கடையில் கயிறும் தார்ப்பாயும்தான் விற்கிறார். பணம் இல்லை என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக, மலைக்காற்று நுரையீரலுக்கு நல்லது என்றார். கடல்தான் தினமும் பார்க்கிறோமே என்றார். வாரக்கணக்கில் என்னென்னவோ சொன்னார்.

கடைசியில் இந்துமதியே முடித்துவைத்தாள். "எதுக்குச் சண்டை? பூக்கட்டிப் பாத்துருவோம். முருகன் என்ன சொல்லுதாரோ அதுதான்." தினமும் பூ வாங்குகிற இசக்கித்தாயிடம் அவளே போய்ச் சொல்லி, பொட்டலம் கட்டி வாங்கியும் வந்தாள்.

நாலாவது தடவை முடிச்சு நின்றது. இந்துமதி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம், செந்தூர்வேல் தன் பொட்டலங்களை முருகன் முன்னால் வைத்தார். பழையவற்றைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். விளக்கேற்றியதும் பானுப்ரியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். முகம் விழுந்துவிட்டது.

"நானே எடுத்துக் கெடுத்துட்டேன்ம்மா," என்றாள்.

"முருகன் மலையில இருக்கவருலா, மலைக்குத்தான கூப்பிடுவாரு," என்று இந்துமதி சிரித்தாள்.

"நம்ம திருச்செந்தூர் முருகன் கடக்கரையிலதான இருக்காரு?" என்றான் சிவப்பிரகாஷ்.

"வாயை மூடுலே!" என்று அதட்டியபடியே செந்தூர்வேல் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுக்கப் பாய்ந்தார். அதே நேரம் இந்துமதியும் கையை நீட்டினாள். இரண்டு கையும் மோதிக்கொண்டன.

"மத்ததைப் பிரிக்கக் கூடாது," என்றார் அவர். இப்படி ஒரு சாஸ்திரம் இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது.

"ஆமா, பிரிக்கக் கூடாது," என்றாள் அவளும்.

கடைக்குப் போகிற வழியில், பழைய துறைமுகத்துப் பக்கம் வண்டியை நிறுத்தினார். சாமி முன்னால் வைத்த பூவைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பைக்குள் இருந்த பழைய பொட்டலங்கள் இரண்டையும் இலையைப் பிரிக்காமலே கடலில் போட்டார். "சிவப்புப் பூவாவது கொழும்பு போய்ச் சேரட்டும்," என்று வாய்விட்டே சொன்னார். காரியம் ஜெயித்த சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். வரவில்லை.

அடுத்து வந்தது ஏரலிலிருந்து அக்கா வடிவம்மாளின் போன்.

"தம்பி, முருகனே ஊட்டிக்குப் போகச் சொல்லிட்டாராமே! நாங்களும் வாரோம்."

"யக்கா, அது எங்க நாலு பேருக்கு…"

"உங்க நாலு பேருக்கு மட்டும்னு முருகன் தனியாச் சொன்னாரா?"

கொழும்பு என்றால் அக்கா வந்திருக்க முடியாது. அவளிடம் இருப்பது ரேஷன் கார்டு மட்டும். ஊட்டிக்கு வேனில் ஏறத் தெரிந்தால் போதும். அக்கா, அத்தான் அய்யாக்குட்டி, அவர்கள் மகள், அந்த மகளின் இரட்டைக் குழந்தைகள் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். காருக்குக் கொடுத்திருந்த முன்பணம் போய், வேனுக்குப் புது முன்பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அக்காவிடம் பங்கு கேட்பது நடக்காத காரியம். தம்பி கூட்டிப் போகிறான் என்று ஏரல் கடைத்தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

அத்தான் பங்குக்கு அவரும் பேசினார். "மலைக்கு வான்னு கூப்பிட்டவரைப் பாக்காம, பழனியைத் தாண்டிப் போவியா மாப்ள?"

ஆகவே பழனி. ஆகவே கூடுதலாக ஒரு நாள் வேன் வாடகை, ஒரு ராத்திரி லாட்ஜ். ஊட்டியிலோ சீசன். நாலு பேருக்குக் கிடைத்திருந்த அறை ஒன்பது பேருக்குப் போதாமல், ஒரு பங்களாவையே எடுக்க வேண்டி வந்தது. பங்களாக்காரர் போனில் வாடகையைச் சொன்னபோது செந்தூர்வேல், சிக்னல் சரியில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை கேட்டார்.

பிறகு ஸ்வெட்டர். தூத்துக்குடியில் மே மாதத்தில் ஒன்பது ஸ்வெட்டர் கேட்ட மனிதரை ஜவுளிக்கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு என்ன செய்யுது அண்ணாச்சி?" என்றார் அக்கறையோடு. விவரம் தெரிந்ததும் அக்கறை போய்விட்டது. பரணிலிருந்து மூட்டையை இறக்கித் தூசியைத் தட்டி, தன் இஷ்டத்துக்கு ஒரு விலை சொன்னார். அத்தான் ஒன்றைப் போட்டுப் பார்த்து, வேர்த்து ஊற்றியபடி, "இதமா இருக்கு மாப்ள," என்றார்.

அன்று கடையில் உட்கார்ந்து செந்தூர்வேல் கூட்டிப் பார்த்தார். ஊட்டி கொழும்பைத் தாண்டிப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் நேராக அடுப்படிக்குப் போனார்.

"ஏளா, பேசாம கொழும்புக்கே போயிருவோமா?"

இந்துமதி சட்டென்று திரும்பினாள். அந்த ஒரு கணம் அவள் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை அவர் கல்யாணமான மூன்றாம் நாள் பார்த்தது. உடனே அதை அணைத்துக்கொண்டாள்.

"என்ன பேச்சு பேசுதிய? முருகன் சொன்னதை மாத்தலாமா?"

"இன்னொரு தடவை பூக்கட்டிப் பாப்போமே."

"வேண்டாங்க. ஒருதடவை கேட்டாச்சு. திரும்பக் கேட்டா நம்பிக்கையில்லன்னு ஆயிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊட்டின்னா உங்களுக்குச் செலவும் கம்மிதான?" என்றாள்.

கணக்கையெல்லாம் அவளிடம் மறைத்து வைத்திருந்த செந்தூர்வேல், "ஆமா. ரொம்பக் கம்மி," என்றார். மறுநாள் போய், மகளின் படிப்புக்கென்று போட்டிருந்த ஏலச்சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தார். தான் கட்டிய முடிச்சு ஒருமுறையாவது நின்றதே என்று அன்று பெருமைப்பட்டது ஞாபகம் வந்தது. இப்போது அதை அவிழ்க்க வழி தெரியவில்லை.

ஊட்டியைப் பார்த்தோம் என்று அவர்களில் யாராவது சொன்னால் அது பொய். மூடுபனி விலகவேயில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரட்டைக் குழந்தைகள் மாறி மாறி வாந்தி எடுத்தன. கடைசி சீட்டில் இந்துமதி இரண்டு கையிலும் இரண்டு பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, "முருகன் கூப்பிட்டதுனாலதான் இவ்வளவு தூரம் சுகமா வந்து சேர்ந்தோம்," என்றாள்.

ஏரியில் படகு விட இந்துமதி மட்டும்தான் ஆசைப்பட்டாள். மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜியோடு கரையில் நின்றுகொண்டார்கள். மிதிபடகில் இருவரும் ஏறினார்கள். செந்தூர்வேல் மிதித்தார். அவள் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள்.

"இதுவும் தண்ணிதான," என்றாள். "என்ன, எந்தப் பக்கம் பாத்தாலும் கரை தெரியுது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பாக இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். மிதிப்பதை நிறுத்தினார். படகு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது.

"இந்து, அன்னைக்கு அந்தப் பூ…"

கரையிலிருந்து விசில் அடித்தார்கள். நேரம் முடிந்துவிட்டதாம். "என்னங்க பூ?" என்றாள். "ஒண்ணுமில்ல, இங்கன பூ நிறைய இருக்குன்னு சொல்ல வந்தேன்," என்று படகைக் கரைக்குத் திருப்பினார்.

பானுப்ரியா கோயம்புத்தூர் போனாள். வீடு அடங்கிப்போயிற்று. ஸ்வெட்டர்கள் பீரோவில் பாஸ்போர்ட்டுகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. துறைமுகத்தில் சங்கு ஊதியபோதெல்லாம் செந்தூர்வேல் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கை இப்போது நிற்கவில்லை. சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அவருக்கு அதுதான் பொறுக்க முடியவில்லை.

மார்கழியில் ஒரு சாயங்காலம், கோவில் வாசலில் பூக்கூடையோடு இருந்த இசக்கித்தாயிடம் போய் நின்றார். கொழும்புக்கென்று கடை வருமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கத் தொடங்கியிருந்தார். எந்த வருடம் நிறையும் என்று தெரியாவிட்டாலும், முருகன் வாக்கை முதலில் வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

"இசக்கி, பொங்கலுக்குப் புள்ள வாரா. மறுபடியும் பூக்கட்டிப் பாக்கணும். ரெண்டு பொட்டலத்துலயும் சிவப்பு அரளியே வச்சுக் கட்டிக் குடு. வீட்டுல இந்துவுக்குத் தெரியக் கூடாது."

பூத்தொடுத்துக்கொண்டிருந்த இசக்கித்தாயின் கை நின்றது. அவரையே பார்த்தாள். சாமி காரியத்தில் திருட்டுத்தனமா என்று கேட்கப் போகிறாள் என நினைத்து, செந்தூர்வேல் அவளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார்.

"திட்டாத தாயி. போன தடவை நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். நீ கட்டிக் குடுத்ததை எடுத்துட்டு, ரெண்டுலயும் வெள்ளைப் பூவா நானே கட்டி வச்சுட்டேன். கையில ரூவா இல்ல. அதைச் சொல்ல வாய் வரல. உன் பொட்டலத்தைப் பிரிக்காமக்கூட கடல்ல போட்டேன். அதுல ஒண்ணுல அவ கொழும்பு இருந்துச்சு தாயி. அதைத்தான் தூக்கிப் போட்டேன்."

இசக்கித்தாய் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அதுல ஏது அண்ணாச்சி கொழும்பு? 'அவியகிட்ட ரூவா இல்ல, அதைச் சொல்லக் கூச்சப்படுதாவ, ரெண்டுலயும் வெள்ளையே வச்சிரு'ன்னு இந்துமதி அக்காதான் அன்னைக்கே வந்து என்கிட்ட சொல்லிட்டுப் போனாவளே!"